உப்பு இறங்கும் இடம்

காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா வழக்கம்போலக் கடலுக்கு உப்பூட்டத் தொடங்கினாள். கிரீன்லாந்துக்குக் கிழக்கே மிதந்த அந்த நிலையத்தின் குழாய்கள் வழியே கெட்டியான உப்புநீர் இறங்கியது. ஒருகாலத்தில் இந்த வேலையைக் கடலே பார்த்துக்கொண்டது. வாடைக்காற்று மேல்நீரைக் குளிர வைக்கும். குளிர்ந்த உப்புநீர் கனத்து அடியில் இறங்கும். அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீர் ஓடிவரும்; அதுதான் பெருநீரோட்டம். பனி உருகி நன்னீர் பரவியதும் கடல்நீரின் கனம் குறைந்தது. இப்போது மனிதர்கள்தான் கனமேற்றினார்கள்.

கீழே, ஆழியோடி என்ற சிறு நீர்மூழ்கிக் கலத்தில், அவள் தங்கை ரோஸ்லின் நீரோட்டமானியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தாள். மணப்பாட்டிலிருந்து இருவரும் சேர்ந்துதான் இந்த வேலைக்கு வந்திருந்தார்கள்.

திடீரென்று காற்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் ரோஸ்லின் பேசினாள்.

"யக்கா, மோட்டார் நின்னு போச்சு. இறங்குற தண்ணி என்னையும் இழுத்துட்டுப் போவுது."

"எடையக் கழட்டி விடுட்டி."

"விட்டுட்டேன். அப்பவும் ஏறமாட்டேங்கு."

ஜெசிந்தா உப்புக்குழாயின் விசைக்குக் கையைக் கொண்டுபோனாள். உப்பை நிறுத்தினால் நீர் இறங்குவது தணியும்; கலம் தானே மிதந்து வரும். ஆனால் காற்றில்லாதபோது உப்பை நிறுத்தக் கூடாது என்பதுதான் நிலையத்தின் முதல் விதி. நிறுத்தினால் உருகுநீர் மூடிபோலப் பரவிவிடும். அதன்பின் பெருநீரோட்டத்தை எழுப்ப யாராலும் ஆகாது. அது நின்றால் உலகத்தின் மழை இடம் மாறும்.

நிலையத் தலைவர் கிருபாகரன் அவள் பின்னால் வந்து நின்றார். "நிறுத்திராதீங்க, ஜெசிந்தா." என்றார். ஆனால் அவள் கையைத் தடுக்கவில்லை.

"யக்கா, கலத்துச் சுவரு முனங்குது, தண்ணி கசியுது. பயமா இருக்குக்கா."

ஜெசிந்தா விசையை அணைத்தாள்.

ஆழியோடி மேலே வந்தது. ரோஸ்லினைத் தூக்கிக் கம்பளியில் சுற்றினார்கள். அதற்குள் கிருபாகரன் உப்பை மறுபடி திறந்துவிட்டிருந்தார். அது இழைகளாக இறங்கிப் பாதி வழியிலேயே கரைந்தது. திரையில் நீரோட்டத்தின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. வெளியே அலையில்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.

"ஊர்ல இனி மழை பெய்யுமாக்கா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

ஜெசிந்தா அவள் ஈரத்தலையைத் துவட்டினாள்.

அடுத்த அறையில் கிருபாகரன் கடலூரிலிருந்த மகளை அழைத்தார். "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.