தாயார் சான்றிதழ்

பேராச்சியம்மாளுக்கு அன்று காலை எட்டு மணிக்குள் உடம்புக்கு முடியாமல் போக வேண்டியிருந்தது. மணி ஏழே முக்கால் ஆகியும் மனுஷி கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியைக் காக்கிற கடல் மதிலில் கசிவு அடைப்பது அவள் வேலை. நாற்பது மீட்டர் ஏணியில் தினம் நாலு தடவை ஏறி இறங்குகிறவளுக்குப் படுக்கை எப்படி ஒத்துவரும்?

"எம்மா, போய்ப் படு. நேர்காணி வந்துரும்," என்று மகன் இசக்கியப்பன் கெஞ்சினான்.

"படுத்தா இடுப்பு வலிக்குதுல. நெசமாவே சீக்கு வந்துரும் போலிருக்கு."

அந்தத் தெருவில் இது ஒன்றும் புதிதல்ல. வெளிக்கோள் கல்லூரிகளின் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு ஒரு தாய் படுக்கையில் விழுவாள். எதிர்வீட்டு அம்மாள் போன வாரம் இரண்டு நாள் கிடையாய்க் கிடந்தாள். மகளுக்கு இடம் உறுதியான மறுநிமிஷம் எழுந்து மீன் வாங்கப் போனாள்.

இசக்கியப்பன் படிக்க ஆசைப்பட்டது மூச்சுக் கணக்கியலில் முதுநிலைப் பட்டம். நிலவிலும் வேற்றுக் கோள்களிலும் கட்டிய நகரங்களில் காற்று சும்மா கிடைப்பதில்லை. ஆலையில் செய்து குழாயில் அனுப்புவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் பதித்திருக்கும் மூச்சுமானி, இழுத்ததையும் விட்டதையும் அளக்கும். ஆலையில் செய்த காற்றும் ஆட்கள் இழுத்த காற்றும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ சுவர் ஓட்டை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கிறவர்தான் மூச்சுக் கணக்கர். அவர் தூங்கினால் ஊரே தூங்கிவிடும்.

மூன்று கல்லூரிகள் அவன் முன்னால் இருந்தன. செவ்வாயில் இருப்பதுதான் தலைசிறந்தது. ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். பூமியைச் சுற்றும் நிலையத்தில் இன்னொன்று இருந்தது, மேலும் கீழும் இல்லாத அங்கே வௌவால்தான் நிம்மதியாகக் குடியிருக்க முடியும். மூன்றாவது, நிலவில் உள்ள வளர்பிறை நகரம். படித்தபின் மூன்றாண்டு வேலை பார்க்கலாம், சாமர்த்தியம் இருந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. போனவர்கள் எல்லோரும் மூன்றாண்டில் திரும்பித்தான் வந்தார்கள். அவர்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று ஊர் சொன்னது. இசக்கியப்பன் வளர்பிறையின் பாடத்திட்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அங்கே வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்பதைப் பத்துத் தடவை பார்த்தான். வருஷா வருஷம் கடல் ஏறிவரும் ஊரில் பிறந்த பையன், அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

குடியேறும் ஆசையைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது என்பது தவசிக்கனி அண்ணாச்சியின் கட்டளை. வெளிக்கோள் படிப்புக்கு ஆலோசனை மையம் நடத்துகிறவர் அவர். "தங்க வாரவன்னு தெரிஞ்சா இடம் தரமாட்டாவ. திரும்பி வந்துருவேன்னு சொல்லணும். ஏம்னு கேட்டா அம்மையக் காட்டணும். அம்மை நடமாடுனா நம்ப மாட்டாவ, படுக்க வையி," என்றார். 'விண்பயணத்துக்கு ஒவ்வாத உடல்' என்று முத்திரை குத்திய சான்றிதழும் அவரே ஏற்பாடு செய்து கொடுத்தார்.

மகன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னான், திரும்பினாள். வாயைக் கொஞ்சம் திறக்கச் சொன்னான், திறந்தாள். இசக்கியப்பனுக்கு முகமெல்லாம் எரிந்தது. தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தோன்றியது. அதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

நேர்காணல் நடத்த வளர்பிறை நகரம் அனுப்பிய இயந்திரம் அது. நேர்காணி இடுப்பளவு உயரம்தான் இருக்கும். வாசலில் சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தது. பொய் என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். முத்திரை குத்திய காகிதமும் பொய் சொல்லும் என்பதைத்தான் யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

"படிப்பு முடிந்தபின் என்ன செய்வீர்கள்?"

"திரும்பி வந்துருவேங்க. அம்மா படுத்த படுக்கை. என்னை விட்டா அவங்களுக்கு யாருமில்ல." அவன் குரல் தழுதழுத்தது. ஒத்திகையில்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

"எங்கள் நகரம் பிடித்துப்போனாலும் தங்கமாட்டீர்களா?"

"மாட்டேங்க."

"வருத்தம்தான்," என்றது நேர்காணி. "நாற்பது ஆண்டுகளாகக் கேட்கிறோம். தங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மதித்து எல்லோரையும் திருப்பி அனுப்புகிறோம். தங்குபவர்களுக்கென்று கட்டிய ஆறாயிரம் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு அறை வீடுகள். ஓர் அறை பெற்றோருக்கு."

இசக்கியப்பனுக்குத் தவசிக்கனியின் கட்டளை நினைவுக்கு வந்தது. அடப் பாவி அண்ணாச்சி!

"அப்ப... நான் தங்குதேங்க. அம்மாவையும் கூட்டிட்டு..."

நேர்காணி சான்றிதழை எடுத்துக் காட்டியது. "அவரால் வர இயலாதே. இங்கே ஒரு விசித்திரமான நோய் இருக்கிறது. கணக்கியல் மாணவர்களின் தாய்மார்களை மட்டும், சேர்க்கைக் காலத்தில் மட்டும் தாக்குகிறது. எங்கள் மருத்துவர்கள் இருபது ஆண்டுகளாக மருந்து தேடுகிறார்கள். ஒருவேளை இந்தச் சான்றிதழ் தவறா? தவறு என்றால் விதிப்படி உங்களுக்கு எந்த நகரத்திலும் இடமில்லை. சரி என்றால் நீங்கள் மட்டும் குடியேறலாம். முதலில் சொன்னதுபோல் திரும்பி வருவதாகவும் பதியலாம். எதைப் பதியட்டும்?"

திரும்பி வருவேன் என்ற சொல்லை ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகியவன் அவன். இப்போது அது வாயில் வரவில்லை. ஆறாயிரம் வீடுகளைப் பற்றிக் கேட்டுவிட்ட காது வேறெதையும் கேட்க மறுத்தது. அம்மா இந்தப் பக்கம் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பது தெரிந்தும் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"சரியான சான்றிதழ்தான் ஐயா," என்றாள் பேராச்சியம்மாள். "என்னால எந்திரிக்கவே முடியாது. பய அங்கயே இருக்கட்டும். எழுதிக்கிடுங்க."

"மகன் சொல்ல வேண்டும்."

"ஆமா. சரிதான்," என்றான் இசக்கியப்பன், தரையைப் பார்த்து.

நேர்காணி வாழ்த்துச் சொன்னது. நாற்பது ஆண்டில் முதல் ஆள் என்று பாராட்டியது. நோயாளிக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது.

இசக்கியப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் எழுந்து போய்க் கட்டிலோரம் நின்றான்.

"எம்மா, அது போயிருச்சு. எந்திரி. வேலைக்கு நேரமாச்சுல்லா?"

"இருக்கட்டும்ல," என்றாள் அவள், போர்வையை விலக்காமலே. "ஒத்தையில கிடக்க இப்பவே பழகிக்கிடுதேன்."