சின்ன எழுத்தில் வந்த மொட்டைக்கடிதம்

1938ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் நாகேந்திரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்த பிறிஜெற்றுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். கொட்டாஞ்சேனையிலிருந்து ட்றாமும் ரயிலுமாக மாறி வந்தும் அது ஆறவில்லை.

"திங்கட்கிழமை என்னை வேலையால நிப்பாட்டப் போறாங்க, மாஸ்டர். நான் செய்யாத ஒண்டுக்கு."

நாகேந்திரம் முப்பது வருடம் தட்டெழுத்துப் பழக்கி ஓய்வுபெற்றவர். மொட்டைக்கடிதங்களை ஆராய்வது இப்போது அவருடைய பொழுதுபோக்கு. பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட் அதற்குக் கூட்டாளி. தபால் கந்தோர் உத்தியோகத்தர். கடிதம் என்றால் மணத்தைக் கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்.

கடிதம் கோட்டையில் உள்ள கப்பல் கந்தோர்த் துரைக்கு ஆங்கிலத்தில் அடித்து அனுப்பப்பட்டது. துரையின் தட்டெழுத்தாளர் அருள்நாயகி கந்தோர் இரகசியங்களை வெளியே சொல்கிறாள் என்று குற்றம் சாட்டியது. துரை அதை நம்பவில்லை. ஆனால் அது அதே கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்யும் பிறிஜெற்றின் மெஷினில் அடித்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த மெஷினில் ஆங்கில 'ஈ' எழுத்தின் வயிறு எப்போதும் மையால் அடைத்திருக்கும்.

"இதென்ன, 'ஐ'யைக்கூடப் பெரிய எழுத்தில போடத் தெரியேல்ல! படிப்பில்லாத ஆள்தான்," என்றார் ஒஸ்வால்ட், பிறிஜெற் துரையிடம் கேட்டு வாங்கி வந்திருந்த கடிதத்தைப் பார்த்து.

நாகேந்திரம் சின்னதாக விழுந்த எழுத்துகளின் கீழே பென்சிலால் கோடிட்டார். "அருள்நாயகி மேல உமக்குப் பொறாமையோ, பிள்ளை?"

"ஓம்," என்றாள் பிறிஜெற், பட்டென்று. "எனக்கு ரெண்டு வருசம் பிந்தி வந்தவ, துரைக்குப் பக்கத்துக் கதிரையில போய் இருக்கிறா. இந்தக் கிழமை முழுக்கத் தன்ர கடிதங்களையும் என்ர தலையில கட்டிப்போட்டு, ஒரு கையைச் சேலைத் தலைப்புக்குள்ள சுத்திக்கொண்டு ராணி மாதிரி நடக்கிறா. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது."

"கதிரைக்கு மட்டும்தானோ?"

பிறிஜெற் கைப்பையின் பூட்டைத் திருகினாள். "வேற ஒண்டும் இல்லை."

திங்கட்கிழமை காலை துரையின் அறையில் எல்லோரும் நின்றார்கள். பிறிஜெற் அருள்நாயகியின் நீலச் சேலையைப் பார்த்தாள்; இன்றைக்கும் அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நாகேந்திரம் இருவரிடமும் தங்கள் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னார். பிறிஜெற்றின் தாள் பிழையில்லாமல் வந்தது. அருள்நாயகியின் தாளில் பெயரின் 'ஏ' பெரிதாக நின்றது. ஊரான மட்டக்குளியின் 'எம்' சின்னதாக விழுந்தது.

"கடிதத்தில 'ஏ', 'எஸ்', 'ரி' எல்லாம் பெரிய எழுத்துத்தான்," என்றார் நாகேந்திரம். "'ஐ', 'எம்', 'எல்' மட்டும் சின்னன். படிப்பில்லாதவன் எண்டால் இப்பிடிப் பங்கு பிரிச்சுப் பிழை விடமாட்டான். சின்னதா விழுந்ததெல்லாம் வலக்கை அடிக்கிற எழுத்து. அதைப் பெரிசாக்க, பழகின ஆள் இடக்கைச் சின்ன விரலால அந்தப் பக்கத்து 'ஷிப்ற்' கட்டையை அமத்தவேணும். ஒரு விரலால தட்டுறவனுக்கு எந்தக் கையும் ஒண்டுதான். பழகின கை மட்டும்தான், நொந்தாலும் அதே விரலை நீட்டும். பாவம், அமத்தப் பலம் இராது. அந்தக் கையைக் காட்டும், பிள்ளை."

அருள்நாயகி சேலைத் தலைப்பை விலக்கினாள். மீன்முள் ஏறிய சின்ன விரல் வீங்கிச் சிவந்திருந்தது.

"தன்னைப் பற்றித் தானே எழுதினவவோ!" ஒஸ்வால்டின் வாய் பிளந்தது.

"துரை நம்பமாட்டார் எண்டு இவவுக்குத் தெரியும். பழி மெஷின்காரிக்குப் போகும். மத்தியானம் பிறிஜெற் சாப்பிடப் போற நேரம் அடிக்கப் போதும்தானே," என்றார் நாகேந்திரம்.

"ஓம், இவ போகவேணும் எண்டுதான் செய்தனான்," என்றாள் அருள்நாயகி. அழவில்லை. "எனக்குக் கதிரைதான் கிடைச்சுது. எங்கட கந்தோர்க் கிளறன்ஸ் ஒவ்வொரு பின்னேரமும் இவவோடதான் ட்றாம்ல போறார். பக்கத்தில இருந்து சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு. நான் ஜன்னலால பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

அன்று மத்தியானமே வேலை போன அருள்நாயகி மேசையைக் காலிசெய்துகொண்டு படியிறங்கினாள். பிறிஜெற் வாசலில் நின்றாள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள்! அந்தச் சந்தோசம் வெட்கமில்லாமல் நெஞ்சு முழுக்கப் பரவியது.

கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரைக்கும் ட்றாமில் கிளறன்ஸ் சிரித்துச் சிரித்துக் கதைப்பது முழுவதும் அருள்நாயகியைப் பற்றித்தான். அவளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஆறு மாதமாகப் பிறிஜெற்றிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீலச் சேலை தெருமுனையில் திரும்பும்வரை பிறிஜெற் வாயைத் திறக்கவில்லை.