மலைப் பக்கத்துப் பால்கனி

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ஜோதியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டியபோது, வஜீதாவுக்குத் தன் வலது கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் கை வரைந்த ஒரு கோட்டால்தான் ஒரு மனிதன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு, அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் இருசப்பன். செங்கம் ரோட்டில் பிளான்களுக்கு அமோனியா பிரின்ட் எடுக்கும் கடை வைத்திருந்தார். யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அதில் முதல் ஆளாக மூக்கை நுழைப்பது அவர் வழக்கம்.

ஜோதியம்மாள் ஐ.டி.ஐ.யில் டிராயிங் பாடம் எடுப்பவர். வேலூர் கோர்ட்டில் இரண்டு வழக்குகளில் பிளானைப் பார்த்தே எது போலி என்று சொன்னவர். அதிகம் பேசமாட்டார். வஜீதாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

வஜீதா, ராமதாஸ் என்ற கான்ட்ராக்டரிடம் டிரேசராக இருந்தாள். பெரிய டிராஃப்ட்ஸ்மேன் மஸ்தான் பாய் பென்சிலில் போட்டுத் தரும் படத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, இங்க்கில் நகலெடுப்பது அவள் வேலை. அந்த நகலிலிருந்துதான் இருசப்பன் கடையில் பிரின்ட் எடுத்து வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். ரமணாசிரமத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு பால்கனி. ஒன்று ரோட்டைப் பார்த்தது, மற்றது மலையைப் பார்த்தது. இரண்டுமே கீழே தூணில்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பவை. ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டுப் பக்கத்துப் பால்கனியைத் தாங்கி நின்ற முட்டுக் கம்பங்களைப் பிடுங்கியதும், அது அப்படியே மடிந்து கீழே விழுந்தது. அடியில் நின்ற கொத்தனார் சடையன் சிக்கிக்கொண்டார்.

"நீட்டி நிக்கற தளத்துக்குக் கம்பி மேல் பக்கம் இருக்கணும்னு எனக்குத் தெரியும், டீச்சர்" என்றாள் வஜீதா. "ஆனா மறுநாள் போலீஸ் வந்து ஆபீஸ் பீரோவைத் திறந்து பார்த்தா, என் டிரேசிங்ல கம்பி கீழ இருக்குது. எழுத்து என் எழுத்து மாதிரியேதான் இருக்குது. ஓரத்துல என் இனிஷியல். ஆகஸ்ட் தேதி. நான் சரியாப் போட்டதா ஞாபகம். இப்ப அந்த ஞாபகமே பொய்யோன்னு தோணுது."

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ராமதாஸ் அவள்மேல் எழுதிக் கொடுத்துவிட்டார். சைட் மேஸ்திரி பலராமன் சப் இன்ஸ்பெக்டரிடம், "சின்னப் பொண்ணு சார், ஏதோ ஞாபகத்துல ஷீட்டைப் புரட்டிப் போட்டு வரைஞ்சுட்டா" என்று பரிதாபப்பட்டுச் சொன்னாராம். அவரும் முன்பு அதே ஆபீஸில் டிரேசராக இருந்தவர். மஸ்தான் பாய் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் பேசவில்லை. அவர் போட்ட பென்சில் படத்தையும் காணோம்.

"மலைப் பக்கத்துப் பால்கனி?" என்று கேட்டார் ஜோதியம்மாள்.

அதற்குத் தனி ஷீட். அதில் கம்பி சரியாக மேலேதான் இருக்கிறது. அதனால் அது பத்திரம் என்று ராமதாஸ் சொல்லிவிட்டார். இன்று பதினோரு மணிக்கு முட்டுக் கம்பங்களைப் பிரிக்கிறார்கள். நாளை தீபம் பார்க்க அதன்மேல் நூறு பேருக்கு இடம் பேசியாகிவிட்டது.

ஜோதியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வஜீதா வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் மாறியது.

ராமதாஸ் வீசியெறிந்த பிரின்ட் ஒன்றை வஜீதா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இருசப்பன் அதை வாங்கி மோந்து பார்த்தார். அமோனியா நெடி இன்னும் போகவில்லை. "ஆகஸ்ட் மாசத்துப் பிரின்ட்டு இப்பவும் நாறுமா? இது புதுசு, டீச்சர். மஸ்தான் பாய் வேலைதான் இது" என்றார்.

போலீஸுக்குக் கொடுக்கத் திங்கட்கிழமை புதிதாக எடுத்திருப்பார்கள், அதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜோதியம்மாள் தாளை மேசையில் விரித்தார். மேலே பிளான், கீழே பால்கனியை நெடுக்காக வெட்டிக் காட்டும் படம். வெட்டுப்பட்ட செங்கல் சுவரைக் காட்டச் சாய்கோடுகள் போட்டிருந்தன. பிளானில் அவை வலது பக்கம் சாய்ந்திருந்தன. வெட்டுப் படத்தில் இடது பக்கம். தளத்தின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, மேல் விளிம்பில், ஒரு சின்ன அரைவட்டம். வஜீதா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன்னுடையதுபோலவும் இருந்தது, வேறு யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோலவும் இருந்தது.

ஜோதியம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மஸ்தான் பாய் எந்தத் தாளில் பென்சில் படம் போடுவார்? கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாளில், எப்போதும் அதில்தான், என்றாள் வஜீதா.

"கெளம்புங்க" என்றார் ஜோதியம்மாள். "இருசப்பன், நீங்க ஸ்டேஷனுக்குப் போய் சப் இன்ஸ்பெக்டரை நேரா லாட்ஜுக்குக் கூட்டிட்டு வாங்க. வழியில மஸ்தான் பாயையும் ஏத்திக்குங்க. பதினோரு மணிக்கு முந்தி வரணும்."

ஊர் முழுக்கக் கூட்டம். பஸ்கள் நகரவில்லை. இரண்டு பேரும் நடந்தே போனார்கள். மலை உச்சிக்குத் தீபக் கொப்பரை ஏறிவிட்டது என்று எதிரே வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வஜீதாவின் காதில் எதுவும் ஏறவில்லை. தான் தப்பாக வரைந்திருந்தால் ஜெயில். சரியாக வரைந்திருந்தால்? அந்தக் கேள்வி பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. படம் சரியாக இருந்தும் முதல் பால்கனி விழுந்ததென்றால், தப்பு கட்டியவர்களுடையது. அதே ஆட்கள்தான் இரண்டாவதையும் கட்டினார்கள். அவள் நடை ஓட்டமானது.

லாட்ஜில் ரோட்டுப் பக்கம் இடிபாடு அப்படியே கிடந்தது. ஜோதியம்மாள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பெரிய துண்டு ஒன்று சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன் அடிப்பக்கத்தில், நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே, நீளவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் எழுந்து பின்பக்கம் போனார்.

அங்கே இரண்டு ஆட்கள் முட்டுக் கம்பங்களுக்கு அடியிலிருந்த ஆப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பலராமன் நிழலில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குமேலே தளம் கனத்து நின்றது. ஜோதியம்மாள் நேராகப் போய்த் தளத்துக்கு அடியில், நட்டநடுவில் நின்றுகொண்டார். கூப்பிடாமலே வஜீதாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"வெளிய வாங்கம்மா, வேலை நடக்குது" என்றார் பலராமன்.

சப் இன்ஸ்பெக்டர் வரட்டும், அப்புறம் தட்டலாம் என்றார் ஜோதியம்மாள். ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். முதலில் வந்தவர் ராமதாஸ், கத்தினார். கால்மணி நேரம் கழித்து இருசப்பன், சப் இன்ஸ்பெக்டரையும் மஸ்தான் பாயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சப் இன்ஸ்பெக்டர் கையில் அந்த டிரேசிங் சுருட்டி இருந்தது.

ஜோதியம்மாள் அதை ஒரு பலகைமேல் விரிக்கச் சொன்னார்.

"சார், ஒரே சுவரை ஒரே ஷீட்ல ரெண்டு இடத்துல வெட்டிக் காட்டினா, சாய்கோடு ரெண்டு இடத்துலயும் ஒரே பக்கம்தான் சாயணும். அது முறை. பிளான்ல வலது பக்கம் சாயுது, இங்க இடது பக்கம். அது மட்டும்னா கைத்தப்புன்னு விட்டுடலாம். இந்த அரைவட்டத்தைப் பாருங்க. மழைத்தண்ணி சுவருக்கு ஓடாம சொட்டி விழறதுக்குப் போடற பள்ளம். அது எப்பவும் அடியிலதான் இருக்கும். இதுல மேல இருக்குது. கம்பி மட்டும் எடம் மாறல, சார். சுவர், பள்ளம், கம்பி எல்லாமே தலைகீழாயிருக்குது. யாரோ சரியான படத்தைக் கவுத்துப் போட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து நகலெடுத்திருக்காங்க."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்" என்றார் ராமதாஸ். "இந்தப் பொண்ணு தெரியாம கவுத்துட்டா."

ஜோதியம்மாள் மஸ்தான் பாயிடம் திரும்பி, அவர் பென்சில் படத்தைக் கவிழ்த்துப் போட்டால் பின்பக்கம் கோடு தெரியுமா என்று கேட்டார். மஸ்தான் பாய் முதல் தடவையாக நிமிர்ந்தார். "தெரியாதும்மா. கெட்டித் தாள். பின்னால வெறும் வெள்ளைதான்" என்றார்.

"அப்போ இவளால கவுத்து வரைஞ்சிருக்கவே முடியாது. கவுத்தாலும் கோடு தெரியற தாள் ஒண்ணே ஒண்ணுதான், இங்க்ல போட்ட டிரேசிங். அதாவது இதுக்கு முந்தி இவ போட்ட ஒரு டிரேசிங் இருந்துச்சு. அதுல கம்பி மேல இருந்துச்சு. அதை அடியில வெச்சு எழுத்து, இனிஷியல் எல்லாம் அப்படியே எடுத்திருக்காங்க. வெட்டுப் படத்துக்கு மட்டும் கவுத்துட்டாங்க. முன்னாடி விழுந்து கெடக்கற தளத்துலயும் பள்ளம் அடியிலதான் இருக்குது. இந்தப் படத்தைப் பார்த்துக் கட்டியிருந்தா மேல இருந்திருக்கும். கட்டினது பழைய, சரியான படத்தை வெச்சு."

இருசப்பன் மஸ்தான் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தை ஜோதியம்மாள் கவனித்தார்.

"மஸ்தான் பாய்க்குத் தன் தாளைக் கவுத்து வரைய முடியாதுன்னு தெரியும். அவரு அப்படிச் சொல்லவும் இல்ல. போலீஸ்கிட்ட முதல் ஆளா 'ஷீட்டைப் புரட்டிப் போட்டு வரைஞ்சுட்டா'ன்னு சொன்னவர் ஒருத்தர். கம்பி எடம் மாறியிருக்குன்னுதான் எல்லாரும் பார்த்தாங்க. புரட்டினதுன்னு, புரட்டின ஆளுக்குத்தான் தெரியும்." அவர் குரல் உயரவில்லை. "பலராமன், நீங்க மேஸ்திரி ஆகறதுக்கு முன்னாடி இவ உக்கார்ற நாற்காலியில நாலு வருஷம் டிரேசரா இருந்தீங்க. விபத்தன்னிக்கு எல்லாரும் ஆஸ்பத்திரியில. ஆபீஸ் சாவி உங்ககிட்டன்னு இவ சொன்னா."

பலராமன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஜோதியம்மாள் ஆட்களில் ஒருவரை மாடிக்கு அனுப்பி, தளத்தின் மேல்பக்கம் சுவரோரமாக உளியால் கொத்தச் சொன்னார். எல்லோரும் ஏறிப்போய்ச் சுவருக்கு உள்பக்கம் நின்று பார்த்தார்கள். ஒரு அங்குலம் கொத்தினார், கம்பி இல்லை. இரண்டு அங்குலம், இல்லை. மூன்று அங்குலம் போனபோதும் வெறும் ஜல்லிதான் வந்தது. நாலாவது அங்குலத்தில், தளத்தின் அடியை ஒட்டி, உளி இரும்பில் இடித்தது.

ராமதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு இங்கே குழந்தை குட்டிகளோடு வந்து நிற்கப்போகிறவர்கள் பட்டியல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பலராமன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாதாரணக் கூரைத் தளம் மாதிரி நினைத்துக் கம்பியைக் கீழே கட்டச் சொன்னதாகவும், விழுந்த பிறகுதான் புரிந்ததாகவும் சொன்னார். பயத்தில் பழைய டிரேசிங்கையும் பென்சில் படத்தையும் எரித்துவிட்டாராம். இது மட்டும் எப்படியாவது நின்றுவிடும் என்று மூன்று நாளாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். "நிக்கும்னு நெனச்சேன், சார்" என்றார் திரும்பத் திரும்ப.

ஆட்கள் ஆப்புகளை மறுபடி இறுக்கினார்கள். பலராமனை ஜீப்பில் ஏற்றினார்கள். ராமதாஸ் வஜீதாவிடம் ஏதோ சொல்ல வந்தார்; அவள் நிற்கவில்லை.

மறுநாள் மாலை அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வார்டு வாசலில் கால் பின்வாங்கியது. சடையன் கண்விழித்திருந்தார், பேச்சு இன்னும் வரவில்லை. அவர் மனைவி சரோஜா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஊரே ஒரே குரலாக அரோகரா என்றது. தீபம் ஏற்றியாகிவிட்டது. ஜன்னலில் மலை தெரியவில்லை.

"நான்தான் அந்தப் படம் போட்டவ" என்றாள் வஜீதா. "படம் சரியாத்தான் இருந்துச்சு அக்கா."

சரோஜா நகர்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டாள்.

"தெரியும்மா. காங்கிரீட் போட்ட அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னாரு. படத்துல கம்பி மேல இருக்குது, மேஸ்திரி கீழ கட்டச் சொல்றாரு, கேட்டா உன் வேலையைப் பாருன்றாருன்னு. ராத்திரி பூரா தூங்கல." துணியை மறுபடி தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தாள். "போலீசு வந்துச்சு, கான்ட்ராக்டர் வந்தாரு. எங்கிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல."