காற்றாலைக் கோப்பை

பொழுது சாய்வதற்குள் காவலர் வந்துவிடுவார்கள். அதுவரை யாரும் வெளியேறக் கூடாதென்று கோட்டைத் தலைவர் அகழிப் பாலத்தைத் தூக்கிவிட்டார். கவிஞர் லாம்பிரெக்ட் குடித்த மதுவில் அபின் கலந்ததாக மாக்டெல்ட் மீது பழி. கோபுர அறையில் அடைபட்டு, அவள் அகழித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வைத்தியர் கோசென் நிதானமாக உள்ளே வந்தார். பின்னால் பாடகன் திமன், துடிதுடித்துக்கொண்டு.

"வைத்தியரே, அந்த அபின் என் பல்வலி மருந்துதான்," என்றாள் மாக்டெல்ட். " என் அறையிலிருந்து யாரோ எடுத்திருக்காங்க. லாம்பிரெக்ட் தன்னுதுன்னு வாசிச்ச நாடகம் நான் எழுதினது. எல்லார் முன்னாலயும் சொல்லிடுவேன்னு காலையில எச்சரிச்சேன். விருந்துல விழுந்துட்டாரு."

"அப்ப கோவம் உங்களுக்குத்தானே!" என்றான் திமன்.

"நீ வாயை மூடு," என்ற வைத்தியர் அவளிடம் திரும்பினார். " எதுல குடிச்சாரு?"

"பந்தயக் கோப்பையில. எல்லாரும் ஒரே ஜாடி மதுதான். அதோட அடியில இருக்கற குட்டிக் காற்றாலையைக் குழாயில ஊதிச் சுத்த விட்டு, அது நிக்கறதுக்குள்ள மதுவைக் காலி பண்ணணும். பொம்பளைக்கு என்ன பந்தயம்னு என்னைத் தொடவே விடல."

வைத்தியர் இருவரையும் கூடத்துக்கு அழைத்துவந்தார். அங்கே அறிஞர் கூட்டம் காத்திருந்தது. மேசைமேல் வெள்ளிக் கோப்பை வாய் கவிழ்ந்து நின்றது. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் காற்றாலை. லாம்பிரெக்ட் சாய்வு நாற்காலியில் முனகினார்.

"கோப்பையை நிரப்பி மேசைமேல வெச்சிட்டு ஜன்னலண்ட போனேன். அப்ப இந்தம்மா பக்கத்துல நின்னாங்க. வந்து குடிச்சேன், கசந்துச்சு."

"யார்கிட்டயாவது பிடிக்கக் கொடுத்தீங்களா?" என்று வைத்தியர் கேட்டார்.

"இல்லய்யா, மேசைமேலதான் வெச்சேன்!"

வைத்தியர் கோப்பையை நிரப்பி அவர் கையில் கொடுத்தார். "அதே மாதிரி வைங்க, பார்ப்போம்."

லாம்பிரெக்ட் வைத்தார். கோப்பை உருண்டு, மது அவர் மடியெல்லாம் கொட்டியது.

"அட, குடிச்சு முடிச்சாத்தானே இதைக் கவுத்து வைக்கவே முடியும்!" திமன் கத்தினான்.

"நிறைஞ்ச கோப்பை அவர் கையை விட்டு நகரவே இல்ல," என்றார் வைத்தியர். " ஜாடியில குடிச்ச மத்தவங்களுக்கும் ஒண்ணும் ஆகல. இவங்க அறையிலிருந்து அபினை எடுத்துக் கலந்தது அவரேதான். சாகாத அளவுக்குப் பார்த்துக் கலந்திருக்காரு. விஷம் வெச்சவங்கன்னு மாக்டெல்டுக்குப் பேர் வந்துட்டா, நாடகம் என்னுதுன்னு இவங்க சொன்னா யார் நம்புவாங்க?"

லத்தீனில் கனவு காணும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மாக்டெல்ட், மனசுல வெச்சுக்காதீங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும். நாடகம் அவர் பேர்ல அச்சுக்குப் போயிடுச்சு. உங்களுக்கென்ன, இன்னொண்ணு எழுதிக்கலாம். காவலரை நான் திருப்பி அனுப்பிடறேன்."

மாக்டெல்ட் ஒரு நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாலத்தை இறக்கச் சொல்லுங்க. அவங்க வரட்டும். நான் புகார் கொடுக்கணும்."