பால் கறைச் சேலை

குழந்தை பாலுக்கு அழவில்லை. பொழுது விடிந்து, புருஷன் கஸ்பார் சோற்றுத் தூக்குப்போசியோடு மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போய், கூட்ஸ் வண்டி ஒன்று வீட்டுச் சட்டிபானைகளைக் கிடுகிடுக்க வைத்துக் கடந்து, சேலம் பாசஞ்சரும் கூவிக் கரிப்புகையைக் கூரைமேல் விட்டுப் போன பிறகும் தூளிக்குள்ளிருந்து ஒரு சிணுங்கல்கூட வரவில்லை. ராஜமேரிக்கு மார் கல்லாகக் கட்டி வலித்தது. தூளிச் சேலையை விலக்கிப் பார்த்தாள். பெண் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு நிம்மதியாகக் கிடந்தது. எடுத்து மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் கடைவாயில் பால் வழிந்திருந்தது.

கக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப்பிள்ளை கக்காமல் என்ன செய்யும்? முந்தானையால் துடைத்து முகர்ந்து பார்த்தாள். கக்கிய பாலில் ஒரு புளித்த வாடை இருக்கும். இதில் அது இல்லை. அவள் கடைசியாகப் பால் கொடுத்தது நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில்.

இதற்கு முன் இரண்டு போய்விட்டன. முதலில் ஆண், அடுத்தது பெண். இரண்டுமே அம்மா முகம் பழகுவதற்குள் உதடு நீலம் பாரித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. இந்த மூன்றாவதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவள் செய்யாத சாங்கியம் இல்லை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. பெற்றதையெல்லாம் உயிரோடு வளர்க்கிற ஒருத்தி கட்டி நைந்த சேலையைக் கேட்டு வாங்கி, ஞானஸ்நானம் கொடுக்கும்வரை அதில்தான் சுற்ற வேண்டும், அதில்தான் தூளி கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஆயுசு இதற்கும் ஒட்டிக்கொள்ளும். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. இங்கே ஒட்டினால் அங்கே குறையாதா?

பக்கத்து வீட்டு மதலேனம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் கல்லுக்குண்டு. வயிறு இறங்கிய மாதத்தில் ராஜமேரி போய்க் கேட்டாள்.

"பழசெல்லாம் கரித்துணியாக் கிழிச்சிட்டேனே மேரி."

மதலேனம்மாளுக்குப் பின்னால் கொடியில் பழைய சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ராஜமேரி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மதலேனம்மாளும் பார்த்தாள். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

அப்போது வந்தவள்தான் பாஞ்சாலி. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள். எவர்சில்வர் பாத்திரம் அந்தத் தெருவுக்கு வந்த புதுசு. பெண்கள் கட்டின சேலையை அவிழ்த்துக் கொடுக்காத குறைதான். வாங்கியதில் நல்லதை ஒட்டுப்போட்டுக் காரிமங்கலம் சந்தையில் விற்பாள். நைந்ததைப் போர்வையாகத் தைப்பாள். அதற்கும் ஆகாததை என்ஜின் எண்ணெய் துடைக்கக் கொடுப்பாள். அவள் கையில் எந்தத் துணியும் செத்ததில்லை. ராஜமேரி தன்னுடைய பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"பாத்திரத்தக் குடுத்துக் கந்தல் வாங்கற பொம்பளய இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று பாஞ்சாலி சிரித்தாள்.

"புள்ள பெத்தவ கட்டினதா இருக்கணும்."

"நான் ஊரெல்லாம் வாங்கறேன். எது எவ கட்டினதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" மூட்டையைக் கிளறி ஒரு பச்சைச் சேலையை உருவினாள். "இந்தா, இதுல பால் கறை இருக்குது பாரு. பால் குடுத்தவ சேலதான். எடுத்துக்க."

கட்டிக் கட்டிப் பூவாக மெத்தென்று ஆகியிருந்த நூல்சேலை. மார்மேல் வரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. ராஜமேரிக்கு அது ஆண்டவர் காட்டிய அடையாளமாகவே பட்டது. பால் இருந்தால் பிள்ளை இருந்திருக்கும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை, பாவம்.

சோடா உப்புப் போட்டு வேகவைத்துத் துவைத்தாள். கறை போகவில்லை. வெயிலில் மொடமொடவென்று காய்ந்த சேலையில் அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. விரலை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு. வெயிலின் சூடுதான் என்று எண்ணிக்கொண்டாள்.

குழந்தை நாளுக்கு நாள் தேறியது. கன்னம் உப்பியது, மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. மதலேனம்மாள் எட்டிப் பார்த்து, "இந்தத் தடவ உம் பாலு நல்லா ஒத்துக்கிச்சு மேரி" என்றாள். அன்று காலையில்தான் ராஜமேரி தன் பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சிக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்திருந்தாள். அதை ஊற்றும்போது அழுதாள்.

கஸ்பாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, புள்ள எங்கிட்டக் குடிக்கவே மாட்டேங்குதுங்க."

"குடிக்காமயா இப்பிடி ஊறியிருக்குது? நீயா எதையாச்சும் நெனச்சுக்காத."

அவள் பயமே அதுதான். குடிக்காமலா?

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வெள்ளைக் கவுன் தைத்துத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். அன்றைக்குப் புதுத்துணி போட்டுவிட்டால் இந்தச் சேலையைத் தூக்கி எறிந்துவிடலாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கூரைமேல் சோவென்று ஒரே இரைச்சல். வீட்டுக்குள் சாயங்காலத்து இருட்டு. நனைந்த சுவரின் சுண்ணாம்பு வாடையும் அடுப்புச் சாம்பல் வாடையும் பால் கவிச்சியும் ஒன்றாகக் கலந்து தலையைச் சுற்றியது. கூட்ஸ் வண்டி ஒன்று கடந்தது. வழக்கம்போல விட்டம் அதிர்ந்தது, தட்டுகள் கிணுகிணுத்தன, தூளி ஆடியது. வண்டி போயிற்று. தட்டுகள் அடங்கின. தூளி நிற்கவில்லை.

கிறீச். கிறீச். விட்டத்தில் கயிறு நிதானமாக அரைபட்டது. யாரோ காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிற நிதானம்.

முழங்கால் உயரத்தில் கட்டிய தூளி இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தம். மடக். மடக். பிள்ளை விழுங்குகிற சத்தம்.

ராஜமேரிக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வாரம் முழுக்க அவள் மார் நிற்காமல் சுரந்தது. குடிக்க வாயில்லாமல் வடிந்து வடிந்து சேலை விறைத்துப் போயிற்று. பிள்ளை செத்தவளுக்கும் பால் வரும். குடிக்கப் பிள்ளை இருந்தால் இவ்வளவு பால் சேலைக்கு ஏன் போகிறது? இது அவளைவிட வேறு யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? அவளே கேட்டு, சொம்பைக் கொடுத்து, அப்படி ஒருத்தியை வீட்டுக்குள் கூட்டி வந்திருக்கிறாள்.

பாய்ந்து குழந்தையை எடுத்தாள். அது வீறிட்டது. பிறந்ததிலிருந்து அப்படி அழுததில்லை. ஒரு கையால் முடிச்சை அவிழ்த்துச் சேலையைச் சுருட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து சேற்றில் வீசினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பெட்டியைத் திறந்து வெள்ளைக் கவுனை மாட்டினாள். ஞாயிறாவது சாங்கியமாவது!

"எஞ்சாமி, நீ எம்புள்ள. நாந்தான் பெத்தேன்."

அழுகை தேய்ந்தது. விக்கலானது. நின்றது.

பாதம் சில்லென்றிருந்தது. தேய்த்தாள். சூடு ஏறவில்லை. மாரில் வைத்து அழுத்தினாள். பால் பீய்ச்சிக்கொண்டு வந்து, விழுங்காத வாயிலிருந்து கழுத்தில் வழிந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உதட்டோரத்தில் நீலம்.

இரண்டு முறை பார்த்த அதே நீலம்.

"மதலேனக்கா! அக்கா!" மழை அவள் குரலை விழுங்கிவிட்டது.

நீலம் பரவியது. மூக்கு. நகக்கண்.

தாழ்ப்பாளைத் திறந்தாள். சேற்றில் கிடந்த சேலையைக் கையால் அள்ளினாள். கொட்டுகிற மழையிலும் அது சுட்டது. விட்டத்துக் கயிற்றில் மாட்டி அவளே முடிச்சுப் போட்டாள். இரண்டாவது முடிச்சையும் போட்டாள். கவுனைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழந்தையை ஈரச்சேலைக்குள் வைத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு தூளி இறங்கியது. மெல்ல. தரை தொடும்வரை. ஒரு முழு ஆள் பாரம்.

மடக். மடக்.

மூச்சு வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது. ராஜமேரி தரையில் உட்கார்ந்து விம்மினாள். நனைந்த சேலை எதன்மேலோ ஒட்டியிருந்தது. ஒரு தோள். ஒரு முழங்கை. குனிந்த தலை.

பார்க்கக் கூடாது. ஆனால் அவள் பெற்றவள். சிவந்துவிட்ட கன்னத்தை ஒரே ஒரு தரம் தொட்டுவிட்டால் போதும். தூளியின் விளிம்பைப் பிடித்தாள்.

உள்ளிருந்து ஒரு கை வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. நகங்களில் மண். அது அவள் விரல்களை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது, கோபமே இல்லாமல், அடுத்தவள் பிள்ளையைத் தொட வந்தவளை விலக்குகிற பதத்தில். பிறகு சேலையை இழுத்து மூடிக்கொண்டது.