ஒற்றை மணி

காவல் கொட்டகையைத் தாண்டி முதல் வளைவில் திரும்பும்போது தீர்த்தகிரிக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு முறை. யாரோ வருகிறார்கள் என்று ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தான். ஈரச் செம்மண்ணில் அவனுடைய டயர் தடம் மட்டும்தான் இருந்தது. அவன் சைக்கிளில் மணி கிடையாது. அதைக் கழற்றி ஏரியில் வீசி ஒரு வருஷம் ஆகிறது. கேட்டவர்களிடம் எவனோ திருடிவிட்டான் என்று சொல்லிவைத்திருந்தான்.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். காலையிலேயே சவரியப்பனின் மனைவி அன்னமேரி வீடு தேடி வந்து ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினாள்.

"கல்லறையில நான் ஏத்திட்டேண்ணா. அவரு உசுரு போன எடத்துலயும் ஒண்ணு ஏத்தணும். பொம்பளை நான் தனியாக் காட்டுக்குள்ள எப்பிடிப் போவேன்? கம்பெனியில அவருக்கு உங்களை விட்டா யாரு இருந்தா?"

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு முடியாது என்பது? வாங்கிக்கொண்டான். அது இப்போது சட்டைப்பையில் விலாவை அழுத்திக்கொண்டிருந்தது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம், வனத்துறை ஜீப் போவதற்காகப் போட்ட வட்டப்பாதை அது. கொட்டகையில் தொடங்கி எட்டு கிலோமீட்டர் சுற்றிக் கொட்டகைக்கே திரும்பிவிடும். பெரிய ஏற்றமில்லை, பாறையில்லை, நடுவில் ஒரு சின்னக் கல்பாலம், அவ்வளவுதான். கம்பெனி ஆண்டுவிழா சைக்கிள் பந்தயத்துக்கு அவனும் சவரியப்பனும் போன வருஷம் இங்கேதான் ஓட்டிப் பழகினார்கள். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதால் முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் கண்ணில் படமாட்டான். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வளைவு வந்தால் முன்னால் போகிறவன் இரண்டு முறை மணி அடிப்பான், இருக்கிறாயா என்று. பின்னால் வருகிறவன் ஒரு முறை அடிப்பான். இருக்கிறேன்.

அப்படிப் பழகிய ஒரு நாள் கல்பாலத்தருகே சவரியப்பன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். "தீர்த்தா, காலு போச்சுடா!" என்று கத்தினான். அதே நேரம் புதருக்குள் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. யானை என்று நினைத்தான் தீர்த்தகிரி. நினைத்ததும் கால்கள் தாமாக மிதிக்கத் தொடங்கிவிட்டன. பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. நிறுத்தி, இன்னொன்று.

அதையும் மன்னித்துவிடலாம், பயம் யாரை விட்டது? ஆனால் கொட்டகையில் காவலர் ராமப்பன் நின்றிருந்தார். அவர்கள் உள்ளே போனபோது அவர் அங்கே இல்லை. "ஒருத்தராவா வர்றீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்று சொல்லக் கூசியது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அந்த ஒரு வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மாடு தேடிப்போனவர்கள் சவரியப்பனைக் கண்டார்கள். முதல் ராத்திரி முழுக்க உயிர் இருந்திருக்கிறது என்றாராம் டாக்டர். வலது கட்டைவிரலில் தோலே இல்லையாம். யானை வந்த அடையாளம் எங்கேயும் இல்லையாம்.

சவரியப்பன் தனியாகத்தான் போனான் என்றே எல்லாரும் நம்பினார்கள். அடக்கத்தன்று பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவனே தீர்த்தகிரிதான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும். நான் கேட்டேன், அவ்வளவுதான், திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காதவனுக்குப் பாதிப் பாவம்தான் என்று தனக்குத்தானே ஒரு வருஷமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் வளைவிலும் மணி அடித்தது. மூன்றாவதிலும். ஐப்பசி மழைக்கு ஊறிய இலைகளின் புளித்த வாடையோடு துருப்பிடித்த இரும்பின் வாடையும் சேர்ந்து வந்தது. செடிகளின் நிழல்கள் பாதைக்குக் குறுக்கே நீண்டு கிடந்தன. காற்று நின்றபோது, தன் சைக்கிள் செயின் சத்தத்துக்கு அரை நொடி பின்னால் இன்னொரு செயின் ஓடுவது அவனுக்குக் கேட்டது.

கல்பாலம் வந்தது. இறங்க வேண்டும், மெழுகுவர்த்தியை வைக்க வேண்டும், அன்னமேரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். காலை ஊன்றப் போனான். பள்ளத்துக்குள்ளிருந்து மணி அடித்தது.

இறங்கவில்லை. மிதித்தான். மறுபடியும் விட்டுவிட்டுத்தான் போனான்.

கொட்டகையில் ராமப்பன் எழுந்து நின்றார். அவன் தோளைத் தாண்டிப் பாதையைப் பார்த்தார்.

"இன்னொருத்தரு எங்க? பின்னாடி வர்றாரா?"

"ஒருத்தன்தாங்க போனேன்."

"ரெண்டு பேராத்தான போனீங்க? நான் பார்த்தனே."

"இல்லீங்க. ஒருத்தன்தான்."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. வெட்கத்தில் காது மடல்கள் கொதித்தன. தலையைக் குனிந்துகொண்டு தார்ரோட்டுப் பக்கம் திருப்பினான். பத்து மிதி மிதித்தான். சக்கரத்தின் கீழே தார் இல்லை. செம்மண். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி. திரும்பிப் பார்த்தான். கொட்டகை இல்லை.

எதிரே கல்பாலம்.

பிரேக் பிடித்தான். பிடிக்கவில்லை. கல்லில் சக்கரம் ஏறியது. வானம் புரண்டது.

பள்ளம். சேறு. சைக்கிளுக்கு அடியில் வலது கால். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. மெழுகுவர்த்தி இரண்டாக முறிந்திருந்தது. கத்தினான். குரல் பள்ளத்தை விட்டு மேலே ஏறவில்லை.

"சவரி, நான் கேட்டேன்டா. மணி கேட்டுச்சுடா. மன்னிச்சிருடா."

புதருக்குள் எங்கோ மூங்கில் முறிந்தது.

அப்போது மேலே, வளைவுப் பக்கம், சைக்கிள் மணி. இரண்டு முறை.

இருக்கிறாயா?

தீர்த்தகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ வருகிறார்கள். காப்பாற்ற யாரோ வருகிறார்கள். எழ முடியாமல் கையை நீட்டினான். ஹேண்டில்பாரில் குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டது. மணி. அவன் ஏரியில் வீசிய மணி, பாசி படிந்து, அதே இடத்தில். கட்டைவிரலால் அடித்தான். ஒரு முறை.

பாலத்தின் மேல் சைக்கிள் வந்தது. நீலக் கம்பெனிச் சட்டை. தோளில் வெள்ளை நூலால் போட்ட தையல். அது தீர்த்தகிரியே தன் சட்டையில் போட்ட தையல்.

ஓட்டி வந்தவன் நின்றான். ஒரு காலை ஊன்றி, குனிந்து, பள்ளத்துக்குள் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். தீர்த்தகிரியின் முகம், தீர்த்தகிரியின் கண்கள். முறிந்த காலைப் பார்த்தது. நீட்டிய கையைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கத் தொடங்கியது.

இருட்டிக்கொண்டு வந்தது. செயின் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. தீர்த்தகிரி கட்டைவிரலை மணியில் வைத்து ஒரு முறை அடித்தான். நிறுத்தினான். இன்னொரு முறை அடித்தான்.