மைடேயின் எண்ணுக்குப் போன ஓடிபி

இரண்டாவது டிக் விழுந்தது.

ஷுவாய் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மைடேய் செத்து மூன்று மாதமாகிறது. உடல் விமானமேறி ஜிம்பாப்வேக்குப் போனது. என் பிள்ளையின் குரல் இந்தப் போனுக்குள் இருக்கிறது, அதுவும் அவளோடு போகட்டும் என்று சொல்லி, மைடேயின் அம்மா அவள் போனையும் சவப்பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னாள். குழியில் செம்மண் தள்ளியதை ஷுவாய் ஹல் நகரத்தின் இதே சமையலறையில் நின்று வீடியோவில் பார்த்தாள். வேறு வழி தெரியாமல்தான் இன்று அந்த எண்ணுக்கே எழுதிக் கேட்டிருந்தாள்: 'ஓடிபி வந்துச்சாடி?'

இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர்கள். எழ முடியாதவர்களைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, இடுப்பெலும்பு தேய்கிற வேலை. ஒருத்திக்குப் பகல், ஒருத்திக்கு இரவு. உள்ளே போனதும் போனை அலமாரியில் பூட்டிவிட வேண்டும். அதனால், குடியேற்றத் துறை வேலை அனுமதிக்கான பிளாஸ்டிக் அட்டையை ஒழித்து எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றியபோது, ஒவ்வொருத்தியும் தன் கணக்கில் மற்றவளின் எண்ணைக் கொடுத்தாள். வேலை நேரத்தில் யாராவது அனுமதியைக் கேட்டால் வீட்டில் இருப்பவள் ஓடிபியைப் போட்டு அதை எடுத்து அனுப்பலாமே.

"இனி என்னை விட்டுட்டு எங்கயும் ஓட முடியாதுடி," என்று மைடேய் அன்று சிரித்தாள். "உன் குடுமி என் கையில."

இன்று காலை மேலாளர் டெனிஸ் அனுமதியைக் கேட்டாள். நாளைக்குள் காட்டாவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. ஊரில் இரண்டு பிள்ளைகள் இவள் அனுப்புவதில்தான் படிக்கின்றன. ஷுவாய் பழைய அட்டையை நீட்டினாள். டெனிஸ் அதைக் கையில்கூட வாங்கவில்லை. உதவி எண்ணில் வெகுநேரம் பாட்டுதான் ஓடியது. பிறகு ஒருவன் வந்து, எண்ணை மாற்றலாம், அதற்கான ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும் என்றான்.

போன் அதிர்ந்தது. மைடேயின் எண். ஆறு இலக்கம். வேறொரு சொல் இல்லை.

அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், அவர்கள் இரக்கப்பட்டு அனுப்பியிருக்கலாம் என்று ஷுவாய் தனக்கே சொல்லிக்கொண்டாள். இலக்கங்களைத் தட்டினாள். பக்கம் திறந்தது. அவள் முகம், அவள் பெயர், வேலை செய்ய அனுமதி உண்டு. அதை டெனிஸுக்கு அனுப்பினாள். கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. மூச்சு வந்தது. வெளியே டிசம்பர் இருட்டு மதியமே இறங்கி ஜன்னலை அடைத்திருக்க, அடுப்பில் சாட்சா எனும் சோளமாவுக் களி கொப்பளித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது குரல் பதிவு.

முதலில் பேச்சில்லை. கனத்த கம்பளிக்கு அடியில் யாரோ மூச்சிழுப்பது போல ஒரு சத்தம். பலகையில் நகம் இழுபடுகிறது. நிற்கிறது. மறுபடி இழுபடுகிறது. பிறகு குரல். அதே குரல்.

"உன்னோடத அனுப்பிட்டேன்ல. இப்ப என்னோடது உனக்கு வரும். சொல்லுடி."

வந்தது. துறையிலிருந்து ஒரு ஓடிபி. மைடேயின் கணக்குக்கு.

ஷுவாய் போனைக் குப்புறப் போட்டாள். களி அடிப்பிடித்தது. கருகல் வாடையை மீறி ஈர மண் வாடை எழுந்தது. அடுப்பை அணைத்தாள். மண் வாடை மட்டும் அடங்கவில்லை.

டெனிஸ் அழைத்தாள்.

"ஏம்மா, நீ அனுப்பினதத் திறந்தா போட்டோவே இல்லையே. பேரும் இல்ல. எனக்கும் ரூல்ஸ் இருக்கு. நாளைக்கு வராதே."

ஷுவாய் தன் பக்கத்தைத் திறந்தாள். படம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம். அனுமதி என்ற வரி அவள் கண்ணெதிரிலேயே மங்கியது. பிள்ளைகளை நினைத்தாள். மண் மூடிய மைடேயின் வாயை நினைத்தாள்.

அனுப்பினாள். ஆறு இலக்கம்.

உடனே டிக். நீலம்.

கட்டத்துக்குள் அவள் முகம் திரும்பி வந்தது. பெயர் வந்தது. அனுமதி வந்தது. டெனிஸிடமிருந்து செய்தி: 'இப்ப சரியா இருக்கு.'

வீடு அமைதியானது. குளிர்பெட்டியின் முனகலும் நின்றது.

வாசல் கதவில், முழங்கால் உயரத்தில், தபால் போடும் துளையின் தகரம் மெல்ல உயர்ந்தது. மண் சரிந்தது. செம்மண். கால்மிதியில் சிறு குவியலாய்.

துளைக்கு நேராக ஒரு வாய். படுத்திருப்பவளின் வாய் போல, பக்கவாட்டில்.

"என்னை உள்ள விட்டுட்டாங்கடி," என்றது. "நீ ஒருத்திதான் பாக்கி. தொற."

ஷுவாய் அசையவில்லை.

வாய் விலகியது. விரல்கள் நுழைந்தன. மணிக்கட்டு. முழங்கை. கை மேல்நோக்கி வளைந்து தாழ்ப்பாளைத் தேடியது. எட்டவில்லை.

தோள்வரை நுழைந்தது. அதன் பிறகும் கை வந்துகொண்டே இருந்தது.